பட்டா கொடுத்த துரை: தாமஸ் மன்றோவின் கதை

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது, சரவணம்பட்டி.

முன்பு அதன் சுற்றுப்புறமெல்லாம் சோளக்காடு, பருத்திக்காடு. இப்போது கண்ணாடி பதித்த உயரமான கட்டிடங்கள் நிற்கின்றன. உள்ளே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

அவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளில் பலவற்றுக்குத் தலைமை ஆபீஸ் வேறு நாட்டில் இருக்கிறது. கிளைகள் பத்து நாட்டில் இருக்கும். எந்தக் கிளையாக இருந்தாலும் ஒரு வேலையை ஒரே மாதிரிதான் செய்யவேண்டும். சரக்கு வாங்க ஒரு படிவம். பணம் கொடுக்க ஒரு முறை. கணக்கு முடிக்க ஒரு தேதி. சரவணம்பட்டியிலும் அதுதான், ஜெர்மனியிலும் அதுதான்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு ஏற்பட்ட புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

அந்தக் கட்டிடம் நிற்கிறதே, அந்த நிலத்துக்கு ஒரு பட்டா உண்டு அல்லவா? அந்தப் பட்டாவுக்கும் இதே போன்ற கதை உண்டு. அன்னிய நாட்டுக் கம்பெனி ஒன்று தன் ஆட்சியில் இருந்த ஊர்களிலெல்லாம் ஒரே முறையைக் கொண்டுவர முயன்றபோது, ஊர் ஊராகப் பரவியதுதான் அது. கம்பெனியின் பெயர், கிழக்கிந்தியக் கம்பெனி. நம் பாட்டன்மார் அதைக் கும்பினி என்றார்கள்.

எந்த முறை நல்ல முறை என்று அந்தக் கும்பினிக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் முன்னே நின்றவர் சர் தாமஸ் மன்றோ.

சென்னையில், தீவுத்திடல் பக்கம், குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்கலத் துரையைப் பார்த்திருப்பீர்கள். சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர்தான் மன்றோ.

புகையிலை வியாபாரி மகன்

மன்றோ 1761-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி, ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தார்.

தகப்பனார் வியாபாரி. அமெரிக்காவிலிருந்து புகையிலை தருவித்து விற்றார். நல்ல வருமானம். குடும்பம் செழிப்பாக இருந்தது.

அப்போது அமெரிக்கர்கள் சுதந்திரம் கேட்டு இங்கிலாந்தோடு போர் தொடுத்தார்கள். புகையிலைக் கப்பல் நின்றது. வியாபாரம் படுத்தது. கடன் ஏறியது.

மகன் பிழைப்புத் தேடிக் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1780-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

இறங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு வேலைக்காரன் அவரை நன்றாக ஏமாற்றினான். புதுத் துணி தைத்து வருகிறேன் என்று இவரிடம் இருந்ததை வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை! ஊருக்குப் புதிது, பாஷை தெரியாது. பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி, பாரசீகம் என்று இத்தனை பாஷைகளில் மன்றோ பழகிக்கொண்டதற்கு அந்த முதல் அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே வருஷம் ஐதர் அலி படையெடுத்து வந்தார். மன்றோ போர்க்களத்துக்குப் போனார். பன்னிரண்டு வருஷம் சிப்பாய் வாழ்க்கை. சம்பளம் சொற்பம். இந்தியாவில் துரைமார் பட்டு மெத்தையில் படுக்கிறார்கள் என்று ஊரில் இருந்த தங்கை நினைத்தாள். அவளுக்கு அவர் உண்மையை எழுதினார். நாலு கட்டைமேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணிதான் கட்டில். புத்தகமோ தோட்டாப் பையோதான் தலையணை.

கடல் கடந்த கம்பெனி

கும்பினியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும்.

அது 1600-ம் ஆண்டு லண்டனில் வியாபாரிகள் கூடி ஆரம்பித்த கம்பெனி. மிளகு வாங்கியது, துணி வாங்கியது, சீனாவில் தேயிலை வாங்கியது. சூரத், சென்னை, கல்கத்தா என்று கிளைகள் வைத்தது. போகப்போகப் பட்டாளம் வைத்தது. பட்டாளம் வைத்ததும் நாடு பிடித்தது.

கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டிய காலம் அது. லண்டனிலிருந்து ஒரு கடிதம் சென்னைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். பதில் போய்ச் சேர இன்னொரு ஆறு மாதம். கப்பல் மூழ்கிவிடலாம் என்பதால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எழுதி, வேறு வேறு கப்பலில் அனுப்புவார்கள். ஒவ்வொரு பாராவுக்கும் நம்பர் போடுவார்கள். பதில் எழுதுகிறவர் அந்த நம்பரைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுவார்.

இத்தனை தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு ஆசை. எல்லாக் கிளையும் ஒரே மாதிரி நடக்கவேண்டும். ஒரே மாதிரி நடந்தால்தான் லண்டனில் உட்கார்ந்தபடியே கணக்குப் பார்க்க முடியும்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரே மாதிரியை யார் தீர்மானிப்பது?

ஊருக்கு ஒரு அளவு

1792-ம் ஆண்டு திப்பு சுல்தான் ஒரு போரில் தோற்றார். உடன்படிக்கைப்படி சேலமும், தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகாலும் கும்பினிக்கு வந்தன. வரி வசூலிக்க ஆள் வேண்டும். கும்பினியின் சிவில் உத்தியோகஸ்தர்களில் பலருக்கு மக்கள் பாஷையே தெரியாது. ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பட்டாளத்திலிருந்து ஆள் எடுத்தார். காப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். அவருக்கு உதவியாக மூன்று பேர். அவர்களில் ஒருவர் மன்றோ. தர்மபுரியில் தங்கினார்.

போய்ப் பார்த்தால் எல்லாம் குழப்பம்.

நிலத்துக்கு அளவு ஊருக்கு ஊர் வேறு. தஞ்சைப் பக்கம் வேலி, மா, குழி. செங்கல்பட்டுப் பக்கம் காணி. கொங்கு நாட்டில் வள்ளம். ஒரே பெயர் சொன்னாலும் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும்.

யார் எவ்வளவு வரி கொடுக்கவேண்டும் என்பது கர்ணத்துக்கும் ஊர்த்தலைவருக்கும்தான் தெரியும். நடுவில் குத்தகைதார் என்று ஒருவர். சர்க்காருக்கு ஒரு தொகை கட்டிவிடுவார். குடியானவனிடம் எவ்வளவு கறக்கலாமோ அவ்வளவும் கறப்பார்.

ரீட் வேறு வழியில் போனார். காடு காடாக அளந்தார். இது இன்னாருடைய காடு, இன்ன மண், இன்ன வரி என்று எழுதினார். குத்தகைதாரை விட்டுவிட்டு, உழுகிறவனோடு சர்க்கார் நேரே பேசியது. குடியானவனுக்கு ரயத்து என்று பெயர். ஆகவே இந்த முறைக்கு ரயத்துவாரி என்று பெயர் வந்தது.

1796-ல் ரீட் ஒரு விளம்பரம் போட்டார். ரயத்து தன் சொந்தச் செலவில் கிணறு வெட்டினால், குளம் வெட்டினால், அதற்காக வரியைக் கூட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

கொங்கு மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்த வாக்கின் அருமை புரியும். மழை குறைந்த சீமை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, கவலை கட்டி இறைத்தால்தான் தோட்டம். நகையை அடகு வைத்துக் கிணறு வெட்டுகிறவனிடம், தண்ணீர் வந்த மறு வருஷமே வரி இரண்டு மடங்கு என்றால் எவன் வெட்டுவான்?

மன்றோ ஏழு வருஷம் இந்த வேலையில் இருந்தார். முறையைக் கண்டுபிடித்தவர் ரீட். அதைக் கற்றுக்கொண்டு நாடெங்கும் நடத்தியவர் மன்றோ. பெயர் மட்டும் மன்றோவுக்கே போய்விட்டது.

மேலிடத்து உத்தரவு

இதற்கிடையில் வங்காளத்தில் வேறொன்று நடந்தது.

1793-ல் காரன்வாலிஸ் அங்கே ஜமீன்தார் முறையைச் சட்டமாக்கினார். பெரிய பெரிய நிலப்பரப்புக்கு ஒரு ஜமீன்தார். அவர் கட்டவேண்டிய தொகை என்றென்றைக்கும் மாறாது. கும்பினிக்கு வேலை மிச்சம். ஆயிரம் குடியானவன் பின்னால் அலைவதைவிட ஒரு ஜமீன்தாரைப் பிடித்தால் போதும்.

மேலிடத்துக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. வங்காளத்தில் நடப்பது சென்னை ராஜதானியிலும் நடக்கட்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

வங்காளத்திலாவது முன்பே ஜமீன்தார்கள் இருந்தார்கள். சேலத்திலும் பாரமகாலிலும் இருந்தவர்கள் சிறு சிறு குடியானவர்கள். இல்லாத ஜமீன்தாரை எங்கே தேடுவது?

உண்டாக்கினார்கள்! ரீட்டும் மன்றோவும் ஏழு வருஷம் காடு காடாக அளந்து எழுதிய நிலத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து மிட்டா என்று பெயரிட்டு ஏலம் போட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். சேலம் ஜில்லாவில் மிட்டாதார் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

கதை சில வருஷத்தில் முடிந்தது. குறித்த தொகையைக் கட்ட முடியாமல் மிட்டாதார் பலர் நொடித்துப் போனார்கள். நிலம் மறுபடி கும்பினி கைக்கே வந்தது. நடுவில் நசுங்கியவன் குடியானவன்.

ஓர் இடத்தில் சரியாக இருந்த முறையை, இன்னோர் இடத்து மண்ணைப் பார்க்காமல் அப்படியே தூக்கி வைத்தார்கள். சட்டைக்கு ஆளைத் தேடிய கதைதான்.

கோவைச் சீமை

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு மாண்டார். கோவைச் சீமை கும்பினிக்கு வந்தது. ஒரே சீமைக்கு இரண்டு கலெக்டர். வடபாகத்துக்கு மக்லியாட். தென்பாகத்துக்கு ஹர்டிஸ். மக்லியாட் ரீட்டிடம் மன்றோவோடு ஒன்றாக வேலை பழகியவர்தான்.

இதெல்லாம் ஏதோ அமைதியாக நடந்த காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. கும்பினி துப்பாக்கியோடு வந்தது. தீரன் சின்னமலை அதை எதிர்த்து வாளெடுத்தார். 1805-ம் ஆண்டு சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கொங்கு நாட்டில் நிலம் அளக்கும் சங்கிலியும் தூக்குக் கயிறும் ஒரே காலத்தில் வந்தவை.

மன்றோவும் பூவைப்போல மென்மையான மனிதர் அல்ல. 1800-ல் கடப்பை, பல்லாரி முதலிய பகுதிகள் கும்பினிக்கு வந்தபோது அவரை அங்கே தலைமைக் கலெக்டராக அனுப்பினார்கள். அங்கே ஏறக்குறைய 80 பாளையக்காரர்கள் இருந்தார்கள். பட்டாளத்தை வைத்து அவர்களை அடக்கினார். அந்தக் கடுமையை லண்டனில் இருந்தவர்களே குறை சொன்னார்கள்.

33 அடிச் சங்கிலி

கடப்பை, பல்லாரிப் பக்கம்தான் மன்றோ தம் முறையை முழுதாக நடத்திக் காட்டினார். அந்த வேலை நடந்த விதம் சுவையானது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1802-ல் நில அளவை தொடங்கியது. அளக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் முதலில் நாலே பேர். அவர்களை வைத்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நாலு பேர் நூறு பேர் ஆனார்கள். பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தார்.

எல்லோர் கையிலும் ஒரே நீளச் சங்கிலி. 33 அடி. ஏன் 33 அடி? ஒரு பக்கம் 33 அடி, மறு பக்கம் 33 அடி உள்ள சதுரம் 1,089 சதுர அடி. அதற்குக் குண்டா என்று பெயர். நாற்பது குண்டா சேர்ந்தால் 43,560 சதுர அடி. அதுதான் ஒரு ஏக்கர். குடியானவனே தன் காட்டைச் சங்கிலி போட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அளந்தவர் சொன்னதை அப்படியே நம்பவில்லை. பின்னாலேயே இன்னொரு கூட்டம் போனது. அங்கங்கே மறுபடி அளந்து பார்த்தது. வித்தியாசம் அதிகம் இருந்தால் முதலில் அளந்தவருக்கு வந்தது வினை.

அளவுக்குப் பிறகு மண்ணைத் தரம் பிரித்தார்கள். புஞ்சை, நஞ்சை, தோட்டம். அவற்றிலும் உள் தரங்கள். இதை ஆபீசில் உட்கார்ந்து செய்யவில்லை. ஊர்த்தலைவர், கர்ணம், முக்கியமான குடியானவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். இது இரண்டாம் தரம் அல்ல, மூன்றாம் தரம் என்று சொல்ல குடியானவனுக்கு இடம் இருந்தது.

இதுதான் மன்றோ செய்த காரியத்தின் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது. சங்கிலி எல்லா ஊரிலும் ஒன்று. கணக்குப் புஸ்தகம் ஒன்று. ஆனால் வரி மண்ணுக்கு மண் வேறு. எதை ஒன்றாக்க வேண்டும், எதை ஒன்றாக்கக் கூடாது என்பதை அவர் பிரித்துப் பார்த்தார்.

வருஷா வருஷம் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போவார். கூடாரத்துக்கு வெளியே கச்சேரி. ரயத்துகள் வந்து நிற்பார்கள். இந்த வருஷம் எவ்வளவு உழுதாய், எவ்வளவு தரிசு போட்டாய் என்று கேட்டு வரி தீர்ப்பார்கள். இந்த வருஷாந்தரக் கணக்கு முடிப்புக்குத்தான் ஜமாபந்தி என்று பெயர். இப்போதும் தாலுகா ஆபீசில் வருஷந்தோறும் ஜமாபந்தி நடக்கிறது. பட்டாவில் தப்பு இருந்தால் நாம் மனுக் கொடுக்கிறோமே, அதே ஜமாபந்தி!

ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. வரி மிக அதிகம். விளைச்சலில் ஏறக்குறைய பாதியை, அதாவது நூற்றுக்கு 45 பங்கை, சர்க்கார் எடுத்துக்கொண்டது. அளவு சரியாக இருந்து என்ன பயன்? மிச்சம் இல்லாத நிலத்தை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். விலை போகாத நிலம் சொத்தா?

மன்றோ இதை உணர்ந்தார். 1807-ல் ஒரு விண்ணப்பம் எழுதினார். எல்லா நிலத்துக்கும் வரியில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டும். கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கு இன்னும் 8 பங்கு குறைக்கவேண்டும். அப்போதுதான் சர்க்கார் பங்கு மூன்றில் ஒன்றாகும் என்று கணக்குக் காட்டினார்.

மேலிடம் மறுத்துவிட்டது.

அந்த வருஷமே மன்றோ கப்பல் ஏறி ஊருக்குப் போனார். வந்து 27 வருஷம் கழித்து முதல் லீவு!

லண்டனில் வாதம்

லீவில் போனவர் சும்மா இருக்கவில்லை.

சென்னை ராஜதானியில் அவர் விட்டுப்போன முறையைத் தூக்கிவிட்டு, ஊரையே மொத்தமாகக் குத்தகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். மறுபடியும் பழைய கதை. மன்றோ லண்டனில் கும்பினியின் தலைவர்களிடம் ஓயாமல் வாதாடினார். சேலத்தில் மிட்டாதார் நொடித்த கதையும் அவர்களுக்கு எட்டியிருந்தது. 1812-ல் மனம் மாறினார்கள். ரயத்துவாரியை மறுபடி கொண்டுவரும்படி சென்னைக்கு எழுதினார்கள்.

1813-ல் பார்லிமெண்டில் அவரை விசாரித்தார்கள். இந்தியர்கள் இங்கிலாந்துச் சரக்கை வாங்குவார்களா என்று கேட்டார்கள். வாங்கமாட்டார்கள், அவர்கள் சரக்கே நன்றாக இருக்கிறது என்றார். ஏழு வருஷம் உபயோகித்த இந்தியச் சால்வை ஒன்று தம்மிடம் புதிதுபோல இருப்பதாகவும் சொன்னார். கேட்டவர்களுக்கு அது இனித்திருக்காது.

1814-ல் அவருக்குக் கலியாணம். மணமகள் ஜேன் காம்பெல். மாப்பிள்ளைக்கு வயது 52! அதே வருஷம் மனைவியோடு சென்னைக்குத் திரும்பினார்.

கோவையில் மோசடி

இந்தத் தடவை அவருக்குக் கோவையில் ஒரு வேலை காத்திருந்தது.

கோவை ஜில்லாவில் நல்ல புகையிலை விளையும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாளக் கரைக்குப் போகும். கும்பினி அந்த வியாபாரத்தைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. கும்பினிக்குத்தான் விற்கவேண்டும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

ஜில்லாவின் பொக்கிஷத்தைக் கவனித்தவர் காசிச் செட்டி. பொக்கிஷப் பணத்தை எடுத்துச் சொந்த வியாபாரம் செய்தார், புகையிலை விளைவித்தவர்களை வஞ்சித்தார் என்று புகார்கள் கிளம்பின. இது ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து ஜில்லாக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

விசாரிக்க இரண்டு பேரை நியமித்தார்கள். ஒருவர் மன்றோ. இன்னொருவர் கோவைக்குப் புதிதாக வந்த கலெக்டர் ஜான் சல்லிவன். பிற்பாடு ஊட்டியை உண்டாக்கினாரே, அதே சல்லிவன். 1816-ல் விசாரணை முடிந்து மோசடி வெளியே வந்தது.

தகப்பனாரை நொடிக்கவைத்ததும் புகையிலை. மகனைக் கோவைக்குக் கொண்டுவந்ததும் புகையிலை.

அந்த வருஷமே மன்றோவின் யோசனைப்படி புதுச் சட்டங்கள் வந்தன. ஜட்ஜுகளிடம் இருந்த போலீஸ் அதிகாரம் கலெக்டர்களிடம் வந்தது. கிராம முன்சீபுக்குச் சின்ன வழக்குகளைத் தீர்க்கும் உரிமை கிடைத்தது. இந்தியர்களுக்குப் பெரிய உத்தியோகம் கொடுக்கவேண்டும் என்றும் அவர் விடாமல் எழுதிவந்தார்.

கவர்னர்

1820-ல் மன்றோ சென்னைக்குக் கவர்னராக வந்தார். இப்போது கையெழுத்துப் போடுகிறவர் அவரே.

1807-ல் மேலிடம் மறுத்த விண்ணப்பத்தை எடுத்தார். 25 பங்கு, தோட்டத்துக்கு 33 பங்கு என்று அப்படியே வரியைக் குறைத்தார். தம் விண்ணப்பத்தைத் தாமே ஒப்புக்கொள்ள அவருக்கு 13 வருஷம் ஆயிற்று!

ரயத்துவாரி ராஜதானியின் பொது முறையாக நிலைத்தது. கோவை ஜில்லாவிலும் அதே பட்டா, அதே கணக்கு, அதே ஜமாபந்தி.

1822-ல் இன்னொரு காரியம் செய்தார். நம் நாட்டில் எத்தனை பள்ளிக்கூடங்கள் உண்டு என்று எண்ண விரும்பினார். ஒரே படிவம் ஒன்றைத் தயாரித்து எல்லாக் கலெக்டர்களுக்கும் அனுப்பினார். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன ஜாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும்.

கோவையிலிருந்து சல்லிவன் அந்த வருஷமே அனுப்பிவிட்டார். ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்கள். சிலர் இழுத்தடித்தார்கள். கன்னடக் கரைக் கலெக்டர், தம் ஜில்லாவுக்கு இந்தப் படிவம் பொருந்தாது என்று காரணம் எழுதி, நிரப்பாமலே விட்டுவிட்டார். தலைமை ஆபீஸ் படிவம் என்றால் கிளை ஆபீஸ் முணுமுணுப்பது அன்றும் உண்டு.

எல்லாம் வந்து சேர்ந்து கூட்டிப் பார்க்க 1826 ஆகிவிட்டது. ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்கள். 1,88,650 பிள்ளைகள். ஜனத்தொகை 1,28,50,941. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. திண்ணைப் பள்ளிக்கூடங்களின் கணக்கு இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிவது அந்த ஒரே படிவத்தால்தான். ஜில்லாவுக்கு ஜில்லா, தாலுகாவுக்குத் தாலுகா புதுப் பள்ளி வைக்க மன்றோ திட்டம் போட்டார். அது பெரிதாக நடக்கவில்லை.

அவருடைய நில முறை எல்லோருக்கும் நன்மை செய்தது என்று நான் சொல்லமாட்டேன். பட்டா, நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் கிடைத்தது. அந்த நிலத்தில் குனிந்து வேலை செய்த பண்ணையாளுக்குக் கிடைக்கவில்லை. அவன் பெயர் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

ரயத்துக்கும் முழு நிம்மதி இல்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் ரொக்கமாகக் கட்டவேண்டும். வரி பல இடங்களில் கடுமையாகவே இருந்தது. மன்றோவைப் போலக் கூடாரத்தோடு அலைய எல்லாக் கலெக்டரும் தயாராக இல்லை. கலெக்டர் பங்களாவில் உட்கார்ந்தார். ஊருக்குப் போனவர் கீழ் உத்தியோகஸ்தர்.

அவர் என்ன செய்தார்? 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை வெளியிட்டது. வரி கட்டாதவர்களைச் சித்திரவதை செய்தது நிஜம் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. இரண்டு குச்சிக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். தலையைக் குனியவைத்துக் காலோடு கட்டி வெயிலில் நிறுத்துவதற்கு அண்ணந்தாள் என்று பெயர். சட்டப் புஸ்தகத்தில் இவை இல்லை. கச்சேரி வாசலில் இருந்தன.

பத்திகொண்டா

1826-ல் மன்றோவின் இளைய மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மன்றோவும் போகவேண்டியவர்தான். பதவியை விட்டுப் போக அனுமதி கேட்டு முன்பே எழுதியிருந்தார். நடுவில் பர்மா யுத்தம் வந்தது. புதுக் கவர்னர் வரும்வரை இருக்கவேண்டியதாயிற்று.

அந்த வருஷம் நீலகிரிக்குப் போய்ச் சல்லிவனோடு சில நாள் தங்கினார். குளிர் அவருக்குச் சொந்த ஊரை ஞாபகப்படுத்தியது. அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

1827-ல், ஊருக்குப் போகுமுன் ஒரு முறை கடப்பை, பல்லாரிப் பக்கத்து ரயத்துகளைப் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டார். ஏழு வருஷம் கூடாரம் போட்டுத் திரிந்த சீமை அல்லவா? அப்போது அந்தப் பக்கம் காலரா பரவியிருந்தது. மற்றவர்கள் தயங்கினார்கள். அவர் கேட்கவில்லை.

ஜூலை மாதம் 6-ந் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் கூடாரம் அடித்திருந்தார்கள். காலையில் காலரா கண்டது. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 66.

குத்தி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். நாலு வருஷம் கழித்து உடலைச் சென்னைக் கோட்டை மாதா கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் மகனோடு காத்திருந்த மனைவிக்குச் செய்தி போய்ச்சேரக் கப்பல் வேகத்தில் பல மாதம் பிடித்தது.

பத்திகொண்டாவில் அவர் நினைவாக ஒரு தோப்பு வைத்துக் கிணறு வெட்டினார்கள். அந்தப் பக்கத்து ரயத்துகள் சிலர் தங்கள் ஆண் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள்.